சரக்காக வந்தவர்கள்

எங்கள் ஆணையத்துக்கென்று வகுக்கப்பட்ட பயணப்படி விதிகளில் ஒரு சிறு குறிப்பு இருந்தது. என் நிலையில் உள்ள அலுவலர் அரசு வேலையாக வெளியூர் போனால் ரயிலில் முதல் வகுப்பில் போகலாம். அரசு ஜீப்பில் போகலாம். இரண்டும் இல்லாவிட்டால் வாடகைக் காரில் போகலாம். இவற்றுக்கெல்லாம் விளக்கம் தேவையில்லை. பேருந்தில் போனால் மட்டும், 'வேறு வாகன வசதி இல்லாத காரணத்தால் பேருந்தில் பயணம் செய்ய நேர்ந்தது' என்று கையெழுத்திட்டு ஒரு சான்று வைக்க வேண்டும். சான்று இல்லாத பட்டியல் கருவூலத்திலிருந்து திரும்பி வரும். பேருந்தில் ஏறுவதை மழையில் நனைவது போன்ற ஒரு சம்பவமாகக் கருதிய யாரோ எழுதிய விதி.

இதில் சொல்லத்தக்க விஷயம், அந்த ஆணையம் பேருந்துகளுக்காகவே அமைக்கப்பட்டது என்பது.

ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகள் நான் அதன் செயலராக இருந்தேன். யாருக்கும் எதையும் சும்மா கொடுக்கக் கூடாது என்ற ஞானம் அரசுக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. அதுவரை பேருந்துக் கழகம் கிராமத் தடங்களில் நஷ்டப்படும், அரசு ஈடுகட்டும், இருவரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இப்போது கடன் கொடுப்பவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆகவே மாநில அளவில் ஒரு ஆணையம். அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். சென்னையில் பெரிய கம்பெனிகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்துகொண்டிருந்த ஒருவர் உறுப்பினர். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக ஒரு செயலர். டெல்டா மாவட்டங்களுக்கான முகாம் அலுவலகம் தஞ்சாவூரில் இருந்தது. என் வீடும் தஞ்சாவூரில் இருந்ததால் நான் அந்தப் பதவியை மறுக்கவில்லை.

எங்கள் வேலை சுருக்கமானது. நஷ்டத்தில் ஓடும் ஒவ்வொரு தடத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த ஊர்க்காரர்களுக்குப் போக வர வேறு வழி உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது 'அத்தியாவசியத் தடம்', அரசு பணம் தரும், பஸ் ஓடும். வேறு வழி இருக்கிறதென்றால் பணம் கிடையாது. அதற்குப் பிறகு பஸ்ஸை ஓட்டுவதும் நிறுத்துவதும் கழகத்தின் விருப்பம். கழகத்தின் விருப்பம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

ஊர்க்காரர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. கேட்டோம்.

கூத்தாநல்லூருக்குத் தெற்கே, வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலை ஒட்டி இருந்த ஊர் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். அந்த ஊருக்கு ஒரே பஸ். இரவு ஊரிலேயே தங்கும். டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் புறப்பட்டுத் திருவாரூர் போகும். பிற்பகல் ஒரு முறை, இரவு ஒரு முறை திரும்பி வரும். கழகத்தின் கணக்குப்படி அதில் யாரும் ஏறுவதில்லை. அது முழுப் பொய்யில்லை. அந்த ஊரின் ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருந்தார்கள். மீதியில் பாதி திருப்பூரில் இருந்தார்கள். பஸ்ஸில் ஏறியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருந்தவரும் ஒரு பெண்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். திருவாரூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை. அவர் பெற்றோர் அந்த ஊர் நிலங்களில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். அவர்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மனு நான்கே வரி. காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க நோயாளிகள் வந்து காத்திருப்பார்கள். ஏழு மணிக்குள் தான் அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் மெயின் ரோடு வரை நடந்து வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர ஒன்பதாகிவிடும். ஒன்பது மணிக்கு வருவதானால் வரவே வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்த மனுக்களில் 'சமூகம்', 'தாழ்மை' என்ற வழக்கமான மனுச் சொற்கள் இரண்டும் இல்லாத மனு அது ஒன்றுதான்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தோம். முகூர்த்தமில்லாத நாள், வாடகை குறைவு. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சோபாவில் தலைவரும் உறுப்பினரும் உட்கார்ந்தார்கள். எனக்குப் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

பதினோரு மணி வாக்கில் வெளியே ஹாரன் சத்தம். உறுப்பினர் கையில் காபியோடு ஜன்னல் பக்கம் போனார். நானும் போனேன். மண்டப வாசலில் வரிசையாக மினி லாரிகள், அவற்றுக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டிய டிராக்டர்கள். ஒவ்வொன்றிலும் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். முதல் லாரியின் முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தது. 'நிறுத்தாதே நிறுத்தாதே பஸ்ஸை நிறுத்தாதே' என்று துணியில் எழுதியிருந்தார்கள். அதைச் சொல்லிக்கொண்டும் வந்தார்கள்.

"இது எந்த ஊர்?" என்றார் உறுப்பினர்.

"வெண்ணாற்றுப் பக்கம். ஒரே பஸ் இருக்கு, அதை நிறுத்தக் கூடாதுன்னு மனு."

"ஒரே பஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு அவர் லாரிகளை ஒருமுறை பார்த்தார், டிராக்டர்களை ஒருமுறை பார்த்தார். காபியை ஒரு வாய் குடித்தார்.

அந்த ஊர்க்காரர்கள் மேல் தவறில்லை. எங்கள் பக்கத்தில் அரசாங்கத்திடம் எதைக் கேட்பதானாலும் கூட்டம் காட்டித்தான் கேட்பது. வாய்க்காலில் தண்ணீர் விடக் கேட்டாலும், கொள்முதல் நிலையம் திறக்கக் கேட்டாலும், வண்டி கட்டிக்கொண்டு போய் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால் கலெக்டர் வெளியே வந்து பார்ப்பார். பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அது கலெக்டரிடம் பலித்த முறை. நாங்கள் இருந்த இடம் வேறு. எங்களிடம் ஒன்றை வாங்க வேண்டுமானால் தன்னிடம் ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று விதியும் இல்லை.

அந்த ஊரின் முறை வந்தபோது முன்னால் வந்தவர் ஐம்பதை ஒட்டிய ஒருவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தங்கப் பட்டை வைத்த கடிகாரம். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து மினி லாரிகள் வாங்கியவர். அறுவடை நாட்களில் வயலிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றுவது தொழில். ஊரில் அவரைச் சிங்கப்பூர்க்காரர் என்றே சொன்னார்கள். அடுத்த ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறவர் என்பது அவர் கும்பிட்ட விதத்தில் தெரிந்தது.

"எத்தனை பேர் வந்திருக்கீங்க?" என்று உறுப்பினர் கேட்டார். குரல் இனிமையாக இருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ஊரே வந்திருக்குங்கய்யா. எல்லாம் நம்ம ஏற்பாடு. ஒருத்தர்கிட்ட ஒரு பைசா வாங்கல."

"வண்டியெல்லாம்?"

"பாதி நம்மளுது. மீதி நம்ம சிநேகிதங்க வண்டி. சொன்னா வந்துருவாங்க."

"ஊர்ல அவசரம்னாலும் இப்படித்தான் உதவி பண்ணுவீங்களா?"

"எப்பவும்ங்கய்யா. பிரசவமா, பாம்புக் கடியா, நம்ம வண்டி நிக்கும். ராத்திரி பகல் கிடையாது. கூப்பிட்டாப் போதும்."

"எப்பவும்," என்றார் உறுப்பினர், சுருக்கெழுத்தாளரைப் பார்த்து. "அதை எழுதிக்குங்க."

சிங்கப்பூர்க்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பேரையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்கய்யா," என்றார்.

கூட்டத்தின் நடுவில் நின்ற அந்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண்ணுக்கு மட்டும் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். முன்னால் வந்து, "ஐயா, அவரு லாரி தினமும் வராதுங்க. எனக்குத் தினமும் போகணும்," என்றார்.

உறுப்பினர் பொறுமையாகப் பேசினார். அந்த வட்டாரத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எவ்வளவு கூடியிருக்கிறது, மக்கள் சொந்த வாகனம் வாங்கும் நிலைக்கு எப்படி உயர்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார்.

"பணம் குவைத்துலேர்ந்து வருதுங்க," என்றார் அந்தப் பெண். "வண்டி ஓட்ட ஆள் வரலீங்களே. ஆம்பிளைங்க ஏரோபிளேன்ல போயிட்டாங்க. நாங்கதான் பஸ்ஸுல போறோம்."

மண்டபத்தில் சிரிப்பு. தலைவர் கண் விழித்தார்.

"நீங்க திருவாரூர்லயே வீடு பார்த்துத் தங்கலாமே?" என்றார் உறுப்பினர்.

"குழந்தையப் பாத்துக்க மாமியார் அங்க இருக்காங்க. மாமியாருக்கு மாடு அங்க இருக்கு. வீட்டுக்காரரு திருப்பூர்ல இருக்காரு. இதுல யார யாரோட கூட்டிட்டுப் போறதுங்க?"

உறுப்பினர் அடுத்த ஊரைக் கூப்பிடச் சொன்னார்.

பத்து நாட்களில் வரைவாணை தயாராயிற்று. எழுதியவன் நான், சொன்னவர் உறுப்பினர். 'மனுதாரர்கள் கணிசமான எண்ணிக்கையில் தங்கள் சொந்த வாகன ஏற்பாட்டிலேயே கூட்டத்துக்கு வந்திருந்ததாலும், அவ்வேற்பாடு எக்காலமும் கிடைக்கக்கூடியது என அவர்களின் பிரதிநிதியே தெரிவித்ததாலும், இவ்வூருக்கு மாற்றுப் போக்குவரத்து வசதி உள்ளது.' நல்ல வாக்கியம். எந்த இடத்திலும் பொய் இல்லை. நகலை ஊருக்கு அனுப்பினோம். மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் அவகாசம்.

அந்த வாரமே அந்தப் பெண் தஞ்சாவூருக்கு வந்தார். வேலையில் விடுப்பு நாள். எங்கள் அலுவலகம் பெரிய கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொன்ன பிறகு நுனியில் உட்கார்ந்தார்.

"அடுத்த மாசத்தோட பஸ் நின்னுடும்னு கண்டக்டர் சொல்றாரு. நெசமாங்க?"

"ஆணை இறுதியாச்சுன்னா கழகம் நிறுத்தலாம்."

"லாரியில வந்ததாலயா?"

"லாரியில வந்ததாலதான்."

அவர் கோபத்தில் சொன்னார், என்னிடம் சொல்வதாக இல்லாமல். "அன்னிக்கு வந்த வரத்த நீங்க பாக்கணும். உள்ளாற முழுக்கப் பழைய சாக்கு, நெல்லுத் தூசு. பிடிச்சுக்க ஒரு கம்பி இல்ல. பள்ளத்துல விழுந்து எழுந்தா ஒருத்தர் மேல ஒருத்தர். எங்க அத்தைக்கு இடுப்பு இன்னும் நேராகல. நாங்க என்ன ஆளாவா வந்தோம்? சரக்காத்தான் வந்தோம். மூட்டைக்காச்சும் கயிறு போட்டுக் கட்டுவாங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அது எனக்குத் தெரியும், உறுப்பினருக்கும் தெரிந்திருக்கலாம். சட்டம் தடுத்திருக்கிற ஒன்றை 'வசதி' என்று ஒரு ஆணையம் எழுத முடியுமா என்பது நல்ல கேள்வி. ஆனால் கேள்வியை யாராவது எழுப்ப வேண்டும். ஆணையத்தின் செயலர் மனுதாரருக்கு வாதம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதே நேரம், எந்த முறையீடும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று மனுதாரருக்கு எடுத்துச் சொல்வது செயலரின் கடமைகளில் ஒன்று.

"இப்ப சொன்னத எழுதிக் கொடுங்க," என்றேன்.

"எதுங்க?"

"சரக்காத்தான் வந்தோம்னு சொன்னீங்களே, அது. எந்த வண்டி, அது வழக்கமா என்ன ஏத்தும், அதுல எப்படி வந்தீங்க. அத்தை இடுப்பு வேண்டாம்."

வேறொன்றையும் சொன்னேன். மனுதாரர் சொல்வது மட்டும் போதாது. வண்டிச் சொந்தக்காரரே, இது சரக்கு வண்டிதான், இதில்தான் ஆட்களை ஏற்றினேன் என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அப்படித் தந்தால் அதன் நகலை நாங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அனுப்பியாக வேண்டும். அவர் அபராதம் போடுவார். பெர்மிட்டைச் சிறிது காலம் நிறுத்தியும் வைக்கலாம். பின்விளைவைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது எனக்கு வழக்கமில்லை.

"அவரு தர மாட்டாரே," என்றார்.

"தராட்டி ஆணை அப்படியே நிக்கும்."

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். சிங்கப்பூர்க்காரர் மோட்டார் சைக்கிளில். இந்தப் பெண் பஸ்ஸில். நான் ஒரு கோப்பில் இருந்ததால் வராந்தா பெஞ்சில் காத்திருக்கச் சொன்னேன். பெஞ்சு என் ஜன்னலுக்கு நேர் கீழே. அவர்களுக்கு அது தெரியாது.

"ஏம்மா, ஊருக்காகச் செஞ்சவன் தலையில கல்லத் தூக்கிப் போடுறியே," என்றார் அவர்.

"ஊருக்காகச் செஞ்சீங்க, யாரு இல்லேன்னா? அதையேதான் அண்ணே எழுதிக் குடுங்கங்கறேன்."

அந்த 'அண்ணே'யை நான் கவனித்தேன். அந்தப் பெண்ணின் தாய் அவரை அப்படி அழைத்திருக்க மாட்டார். அவரும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். பதில் வர ஒரு கணம் தாமதமாயிற்று.

"குறுவை அறுப்பு வருது. வண்டிய நிறுத்திப்புட்டான்னா நான் என்ன பண்றது?"

"உங்க வண்டி நின்னா வேற ஊரு வண்டி வந்து நெல்ல ஏத்தும். எங்க பஸ் நின்னா வேற ஊரு பஸ் வருமா?"

"வேற ஊரு வண்டி வந்துரும்னு எங்கிட்டயே சொல்ற."

"வராதுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"நான் வேணும்னா தினமும் காலையில உன்ன வண்டியில கொண்டாந்து விட்டுர்றேன். போதுமா?"

"என்னைய மட்டுமா? பிரசவத்துக்குப் போறவங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, வட்டாரக் கல்வி ஆபீஸுக்குப் போற டீச்சரு, எல்லாரையுமா? டிக்கெட்டுக் குடுத்துக் கொண்டாந்து விடுங்க. நீங்களே பஸ் விட்டதா இருக்கட்டும்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மனிதர்களுக்குப் பழைய பிடிவாதத்துக்குத் திரும்புவது சிரமம்.

"எலெக்சன்ல உங்க தெரு ஓட்டு எனக்குத்தானே?" என்றார்.

"பஸ்ஸு ஓடுனா ஓட்டுப் போட வந்துருவோம்."

"யாருக்கு?"

"வர்றோம்னு சொல்றேன்ல."

உள்ளே வந்து பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: 'கட்டணம் ஏதுமின்றி இலவசமாக' என்று சேர்க்க வேண்டும். இலவசமாக ஏற்றினாலும் குற்றம் குற்றமே, அதனால் அபராதம் குறையாது என்று விளக்கினேன். "குறையாட்டிப் போகுது. காசு வாங்கிட்டு ஏத்துனேன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது," என்றார். சேர்த்தோம்.

மறுவிசாரணை முகாம் அலுவலகத்திலேயே நடந்தது. உறுப்பினர் தன் வாதத்தில் உறுதியாக இருந்தார். வாகனம் எந்த வகை என்பது போக்குவரத்துத் துறையின் கவலை, மக்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக முடிந்ததா என்பதே ஆணையத்தின் கேள்வி, முடிந்தது. இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது தலைவர் வழக்கத்துக்கு மாறாக விழித்திருந்தார். அவர் மாவட்ட நீதிபதியாக இருந்த காலம் முழுவதும் விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்த்தவர். அதில் ஒரு வாதம் அவருக்கு மனப்பாடம்: சரக்கு வண்டியில் ஏறி வந்து விபத்தில் இறந்தவருக்குப் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்கள் ஒவ்வொரு முறையும் எழுந்து சொல்வார்கள்.

"செத்துப் போனா ஆளா மதிக்காத வண்டி," என்றார் தலைவர். "அதை உயிரோட இருக்கும்போது மட்டும் எப்படி பஸ்ஸா எண்ணுறது?"

உறுப்பினர் பதில் சொல்லத் தொடங்கினார். தலைவர் அதற்குள் என்னைப் பார்த்து ஆணையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அத்தியாவசியத் தடம். ஓராண்டுக்கு மட்டும், அதன் பிறகு நேரில் ஆய்வு செய்து முடிவெடுக்கலாம். 'ஓராண்டுக்கு மட்டும்' என்பது உறுப்பினருக்கு அவர் கொடுத்த மரியாதை.

விடிகாலை பஸ் ஓடியது. பிரமாணப் பத்திரத்தின் நகல் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. சரியாகக் குறுவை அறுவடையில் சிங்கப்பூர்க்காரரின் பெர்மிட்டை நிறுத்தி வைத்தார்கள். வெளியூர் லாரிகள் வந்து நெல் ஏற்றின. அவருடைய வண்டிகள் பஸ் நிற்கும் இடத்தில் வரிசையாக நின்றன என்றும், பெர்மிட்டை மீட்க அவர் திருவாரூருக்கு நடையாய் நடந்தார் என்றும், எல்லா நடையும் அந்த பஸ்ஸில்தான் என்றும், நோட்டீஸ் நகல் வாங்க அலுவலகம் வந்தபோது அவரே சொன்னார்.

"அந்தப் பொண்ணு பக்கத்துலதான் உக்காருவேன். எங்கிட்ட பேசாது. சன்னலப் பாத்துக்கிட்டுச் சிரிக்கும்."

ஒரு வருடம் போயிற்று. நேராய்வுக்கு உறுப்பினரும் நானும் திருவாரூர் போய்ப் பயணியர் விடுதியில் தங்கினோம். மறுநாள் காலை அரசு ஜீப்பில் அந்த ஊருக்குப் போவதாக ஏற்பாடு. காலையில் நான் கோப்போடு வாசலுக்கு வந்தபோது ஜீப் இல்லை. உறுப்பினரின் மனைவியும் மைத்துனர் குடும்பமும் முதல் நாள் இரவு சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு தாராசுரம் போய்விட்டார் என்று காவலாளி சொன்னார். நேரமிருந்தால் திருப்பனந்தாள் வரை போவதாகவும் திட்டமாம். 'நீங்களே பார்த்து அறிக்கை எழுதிவிடவும்' என்று துண்டுச் சீட்டு. வாடகைக் கார் கேட்டேன். முகூர்த்த நாள், ஊரில் இருந்த கார்களெல்லாம் கல்யாணத்தில் இருந்தன.

பிற்பகல் பஸ்ஸில் ஏறினேன். ஆணையத்தில் சேர்ந்த பிறகு நான் ஏறிய முதல் பேருந்து அது. பரிசோதனைக் கூடத்துப் பெண் வேலை முடிந்து அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

"ஜீப் வரலீங்களா சார்?"

"தாராசுரம் போயிருக்கு."

"சாமி கும்பிடவா?"

"சிற்பம் பாக்க."

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்த மெம்பர் நாளைக்கு வருவாரா?"

"வர மாட்டார். நான் எழுதறதுதான் அறிக்கை."

"என்ன எழுதுவீங்க?"

"பாத்ததை."

அதற்குப் பிறகு அவர் வழி முழுக்கப் பேசவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பஸ் ஊரில் கால்மணி நேரம் நிற்கும். அதற்குள் சுற்றிப் பார்த்தேன். அவர் பேசாமல் வந்ததன் காரணம் புரிந்தது. ஆய்வு வருகிறது என்று ஊருக்குச் செய்தி போயிருக்கிறது. சைக்கிள்கூடக் கண்ணில் படவில்லை. கொட்டகைகளின் வாசலில் புதிதாகப் படுதா கட்டியிருந்தது. மாட்டுத் தொழுவங்களுக்கு வெளியே மாடுகள் நின்றன. களத்து ஓரத்தில் இருந்த ஒரு வைக்கோல் போருக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிளின் வட்டமான கண்ணாடி ஒன்று எட்டிப் பார்த்தது. அதில் என் முகமும் கொஞ்சம் வானமும் தெரிந்தது. போன முறை இருப்பதையெல்லாம் காட்டினார்கள். இந்த முறை எதையும் காட்டவில்லை. இரண்டு முறையும் அதே உற்சாகம்.

சிங்கப்பூர்க்காரர் வந்து கும்பிட்டார். இப்போது ஊராட்சித் தலைவர்.

"ஊர்ல ஒரு வண்டி கிடையாதுங்கய்யா."

"உங்க லாரி?"

"அது சரக்கு வண்டிங்க. சரக்கத் தவிர எதையும் ஏத்தறதில்ல. பஸ்ஸு போயிருச்சு, கொஞ்சம் கொண்டு போயி விடுப்பான்னு நீங்களே கேட்டாலும் ஏத்த மாட்டேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. வைக்கோல் போரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராய்வு விதிகளில், காண்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. வைக்கோலைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இல்லை. இருந்தாலும் அந்தக் கண்ணாடியை நான் கண்டது கண்டதுதான். கண்டக்டர் விசில் கொடுத்தார். வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

தஞ்சாவூர் வந்து அறிக்கை எழுதினேன். 'ஓரிரு இருசக்கர வாகனங்கள் இருக்கக்கூடும்' என்று அதில் இருக்கிறது. உறுப்பினர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். ஆகவே அறிக்கையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு, முதலில் என் பயணப்படிப் பட்டியலை அனுப்பினேன். திருவாரூரிலிருந்து அந்த ஊருக்குப் போக வரப் பேருந்துக் கட்டணம். அதனுடன் விதிப்படி சான்று: 'வேறு வாகன வசதி இல்லாத காரணத்தால் பேருந்தில் பயணம் செய்ய நேர்ந்தது.'

கருவூலத்திலிருந்து கேள்வி வந்தது. அன்று அரசு ஜீப் திருவாரூரில் இருந்ததாகத் தெரிகிறதே? ஜீப்பின் பயணக் குறிப்பேட்டின் நகலை இணைத்துப் பதில் அனுப்பினேன். அதில் உறுப்பினரின் கையெழுத்தோடு, 'தாராசுரம், திருப்பனந்தாள்: பேருந்து வசதிகள் ஆய்வு' என்று இருந்தது. ஒரு அலுவலர் அரசுப் பணியில் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வாகனம் இன்னொரு அலுவலருக்குக் கிடைக்காது. இதில் கருவூலத்துக்கும் சந்தேகமில்லை. பட்டியலை ஏற்றுப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் இரண்டு டீ குடிக்கலாம்.

ஏற்கப்பட்ட பட்டியலின் நகலை அறிக்கையோடு சேர்த்து அந்தத் தடத்தின் கோப்பில் வைத்து ஒரு குறிப்பு எழுதினேன். இவ்வூருக்குச் செல்லப் பேருந்தைத் தவிர வேறு வாகன வசதி இல்லை என்பதை அரசின் கருவூலமே உரிய விசாரணைக்குப் பின் ஏற்றுள்ளது. அதற்கு மாறான முடிவை ஆணையம் எடுப்பதானால், மேற்படிப் பட்டியலையும் அதற்கு ஆதாரமான ஜீப் குறிப்பேட்டையும் மீண்டும் பரிசீலிக்க வேண்டிவரும்.

உறுப்பினர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களுக்கு அந்த ஊர்ல சொந்தக்காரங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். அது உண்மை.

"சரி, எத்தனை வருஷத்துக்குப் போடலாம்?"

"வருஷா வருஷம் ஆய்வுக்குப் போறது சிரமம். ஜீப்பும் கிடைக்கறதில்ல. 'மறு உத்தரவு வரும் வரை'ன்னு போட்டுடலாம்."

கையெழுத்துப் போட்டார். தலைவரும் போட்டார்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், செலவுக் குறைப்பு நடவடிக்கையாக ஆணையத்தைக் கலைத்தார்கள். அதன் வேலையை எந்த அலுவலகத்துக்கு மாற்றுவது என்று யாரும் எழுதவில்லை. எனவே மறு உத்தரவு போட அதிகாரம் உள்ளவர் மாநிலத்தில் யாருமில்லை. மறு உத்தரவும் வரவில்லை. சென்ற மாதம் சர்க்கரைக்காக வேறோர் இடத்தில் ரத்தம் கொடுக்கப் போய், வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, இந்நேரம் திருவாரூரில் அந்தப் பெண் ஊசியைக் கையில் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மணி ஏழு ஆகியிருந்தது.